முப்பத்தோரு பூச்சு

அன்று மதியம் அங்கே இருந்தவர்களின் பெயர்களைக் கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். அகழாய்வின் இயக்குநர் மிர்த்தோ. பம்பு ஓட்டும் ஸாகிஸ். டென்மார்க்கிலிருந்து வந்த தன்னார்வலர்கள் இங்கெர், ஓலே. கணவன் மனைவி, இருவருக்கும் முதுகுத்தோல் வெயிலில் உரிந்துகொண்டிருந்தது. வோலோஸ் நகரத்திலிருந்து வந்த பல் மருத்துவர் எவாந்தியா. பிறகு நான், அர்கிரிஸ், பெரியவர் என்பதால் எல்லாருக்கும் "பார்பா", வயது எழுபத்தொன்று, நாற்பது வருடம் பயணிகள் கப்பலில் கயிறு கட்டினவன். ஆக ஆறு பேர். உங்கள் போலீஸ் அறிக்கையில் ஏழு என்று இருக்கிறது. ரொட்டி கொண்டுவந்த பெண்ணையும் சேர்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அவள் ஒன்றேகாலுக்கே போய்விட்டாள்.

இது சின்னத் தவறுதான். ஆனால் அறிக்கை என்றால் சரியாக இருக்க வேண்டும். பதினோரு கோடைகாலம் மண்ணைச் சுரண்டியதில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். எது எங்கே, எந்த ஆழத்தில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று எழுதாவிட்டால் கிடைத்த பொருளுக்கு மதிப்பே இல்லை என்பாள் மிர்த்தோ.

பூட்டைப் பற்றியும் தவறாக எழுதியிருக்கிறீர்கள். "வடிகால் கதவின் பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்ததால் உள்ளே இருந்தவரால் திறக்க முடியவில்லை." நேற்று காபிக்கடையில் பேப்பரை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்கள். ஆனால் அந்தப் பூட்டுக்கு வாரம் ஒரு முறை எண்ணெய் விட்டவன் நான். கடல் தண்ணீரில் கிடக்கும் எந்தப் பூட்டும் வெளியே சிவந்துதான் இருக்கும். உள்ளே சாவி வெண்ணெயில் போவது மாதிரிப் போகும். உங்கள் ஆளைவிட்டு இன்றைக்கே திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் வேலையை நீங்கள் பார்த்ததில்லை. எனவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

பழைய துறைமுகம் இப்போது கடலுக்குள் இருக்கிறது. கரை தாழ்ந்துவிட்டது. அந்தக் காலத்துக் கிரேக்கப் போர்க்கப்பல்களை மேலே இழுத்து நிறுத்திய சரிவுத் தளங்கள், அவற்றின் மேல் கிடக்கும் மரங்கள், எல்லாம் சேற்றுக்கு அடியில். அந்த இடத்தைச் சுற்றிக் கடலடியில் இரும்புத் தகடுகளை இறக்கி வட்டமாகச் சுவர் எழுப்பியிருக்கிறோம். காலையில் பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்தால் பள்ளம் தெரியும். ஏழு மணியிலிருந்து ஒன்றரை வரை வேலை. ஒன்றரைக்குப் பம்பை நிறுத்தி மடையைத் திறந்துவிட வேண்டும். கடல் உள்ளே வந்து முக்கால் மணி நேரத்தில் பள்ளம் நிறைந்துவிடும். வேறு வழியில்லை. இரண்டாயிரத்து நானூறு வருடம் ஈரத்தில் இருந்த மரம் அது. ஒரு மதிய வெயில் பட்டால் போதும், விறகாக வெடித்துவிடும்.

மடையைத் திறப்பதற்கு முன் எல்லாரும் மேலே வந்துவிட்டார்களா என்று தெரிய வேண்டும் அல்லவா. அதற்குத்தான் ஆணிப்பலகை. மேலே கொட்டகைச் சுவரில் ஒரு பலகை, அதில் பெயர் எழுதிய ஐந்து ஆணிகள். மண் சுரண்டுகிறவர்கள் ஐந்து பேர். ஸாகிஸ் பள்ளத்துக்குள் இறங்குவதில்லை. ஏறி வந்ததும் அவரவர் கொத்தனார் கரண்டியை அவரவர் ஆணியில் மாட்டிவிட வேண்டும். ஐந்தும் தொங்கினால் நான் கையைத் தூக்குவேன். ஸாகிஸ் பம்பை நிறுத்திவிட்டு மடையைத் திறப்பான். பதினோரு வருடத்தில் ஒரு நாளும் இது தவறியதில்லை.

பள்ளத்தின் ஊர்ப்பக்கச் சுவரில்தான் அந்த வடிகால். அந்தக் காலத்துக் கல்வேலை. குனிந்தால் ஒரு ஆள் போகலாம். எட்டுக் காலடி வைத்தால் ஒரு வளைவு, அதற்கு அப்பால் இன்னும் எட்டுக் காலடி. அதோடு ஊர்ச்சாலையின் காங்கிரீட் வந்து அடைத்துக்கொள்கிறது. நான்கு வருடத்துக்கு முன்பு யாரோ உள்ளே புகுந்து ஒரு ஜாடியைத் திருடிக்கொண்டு போனதால் வாசலில் கம்பிக் கதவு போட்டோம். பூட்டை நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஒரு சுற்றுச் சுற்றினால் வெளியிலிருந்து திறக்க முடியாது. உள்ளேயிருந்து தாழைத் தூக்கினால் திறந்துவிடும். மிர்த்தோவின் ஏற்பாடு அது, தவறி யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று. இரண்டாவது சுற்றுச் சுற்றினால் கம்பி கல்லுக்குள் இறங்கிவிடும், பிறகு உள்ளேயிருந்தும் திறக்க முடியாது. அக்டோபரில் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போகும்போது மட்டும் இரண்டு சுற்று.

எவாந்தியாவைப் பற்றிக் கேட்டீர்கள். ஆறு வருடமாக வருகிறார். வோலோஸில் பல் ஆஸ்பத்திரியை மூன்று வாரம் மூடிவிட்டு வருவார். என் வீட்டு மாடியறையில்தான் தங்குவார். ஐம்பத்திரண்டு வயது, குண்டான உடம்பு, உரத்த சிரிப்பு. பல் சுரண்டும் கொக்கி ஊசிகளைத் துணியில் சுருட்டிக் கொண்டுவருவார். நாங்கள் ஒரு வாரம் எடுத்துக்கொள்கிற வேலையை அந்த ஊசிகளால் ஒரே நாளில் முடிப்பார்.

"பார்பா, உங்க கீழ்ப்பல்லு ரெண்டும் கிறிஸ்துவுக்கு முந்தினது. கைய வெச்சிடாதீங்க, அரசாங்கச் சொத்து," என்று சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் சொல்வார். நானும் சிரிப்பேன். என் மனைவி மரிகோ இறந்த பிறகு என் வீட்டில் சத்தமாகச் சிரித்த ஒரே ஆள் அவர்தான். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இனி கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் முடிக்கலாம் என்றுதான் வந்தேன். ஆனால் காரணம் இல்லாமல் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வயசானவன், துக்கத்தில் உளறுகிறான் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள்.

போன செப்டம்பரில் அமைச்சகத்திலிருந்து மிர்த்தோவுக்குக் கடிதம் வந்தது. அடுத்த கோடைக்குள் புதிதாக ஒன்றும் கிடைக்காவிட்டால் அனுமதி நீட்டிக்கப்படாது; பள்ளத்தை மணல் போட்டு மூட வேண்டும். மூடினால் என்ன வரும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். உல்லாசப் படகு நிறுத்தும் இடமும் அதற்குக் கார் நிறுத்தும் இடமும். மிர்த்தோ கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "முடிஞ்சுது பார்பா. நீங்க இனிமே காலையில அஞ்சு மணிக்கு எழுந்திரிக்க வேணாம்," என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். வேறு எதற்காக எழுந்திருப்பது?

என் வீட்டு முற்றத்தில் ஒரு கல் இருந்தது. அறுபத்து மூன்றாம் வருடம் என் அப்பாவின் வலையில் வந்தது. இதே துறைமுகத்தில், இந்தப் பள்ளத்திலிருந்து முந்நூறு அடி தள்ளி. அதில் நான்கு வரி எழுத்து, ஒரு பக்கம் உடைந்தது. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் இதைச் சொன்னால் அரசாங்கம் வந்து படகைப் பிடித்துக்கொள்ளும், வீட்டைத் தோண்டிப் போடும் என்று தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததுதானே அது. எழுத்து வெளியே தெரியாதபடி சுண்ணாம்பு பூசி முற்றத்து மூலையில் வைத்தார். நான் கல்யாணம் செய்த பிறகு மரிகோ அதன்மேல் திருநீற்றுப்பச்சைத் தொட்டியை வைத்தாள். ஒவ்வொரு ஈஸ்டருக்கு முன்பும் முற்றத்துக்கு வெள்ளையடிக்கும்போது கல்லுக்கும் சேர்த்து அடிப்பாள்.

போன அக்டோபரில் தொட்டியைக் கீழே இறக்கிவிட்டுக் கல்லை எடுத்தேன். மூன்று நாள் வினிகரில் ஊறப் போட்டேன். சுண்ணாம்பு பெயர்ந்து வந்தது. பிரஷ் வைத்துத் தேய்த்தேன். பிறகு என் படகு கட்டும் இடத்தில் கயிறு கட்டித் தண்ணீருக்குள் இறக்கினேன். மே மாதம் தூக்கியபோது மேலெல்லாம் கடல்புழு வெள்ளைக் கூடு கட்டியிருந்தது. ஆயிரம் வருடம் கிடந்த மாதிரி. இந்த வருடம் முதல் முறை பள்ளத்தை இறைப்பதற்கு முந்தின நாள், வடிகால் வாசலில் சேற்றுக்குள் அதை இறக்கினேன். ஜூன் ஒன்பதாம் தேதி நானே கண்டுபிடித்தேன்.

துறைமுகக் காவலர்களுக்கான உத்தரவு என்றாள் மிர்த்தோ, வாசித்துப் பார்த்துவிட்டு. எத்தனை கப்பல் கொட்டகைகள் என்றுகூட அதில் இருந்ததாம். இடுப்பளவு சேற்றில் நின்று அழுதாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். எழுதப் போகிற புத்தகத்தில் அந்தக் கல்லுக்கு அடியில் என் பெயர் வரும் என்றாள். ஐந்து வருட நீட்டிப்புக்கு அமைச்சகம் வாய்மொழியாகச் சம்மதித்தது. சனிக்கிழமை குழு வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

நான் எதையும் பொய்யாகச் செய்யவில்லை. கல் உண்மையானது. அதில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் உண்மையானது. அது வந்த இடத்துக்கு அதைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன், முந்நூறு அடி வித்தியாசத்தில்.

கல்லைச் சுத்தம் செய்யும் வேலை எவாந்தியாவுக்குக் கொடுக்கப்பட்டது. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? கொட்டகைக்குள் உட்கார்ந்து, கண்ணில் கண்ணாடி வில்லையை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கொக்கி ஊசியால் சுரண்டினார். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தலையைத் தூக்கவே இல்லை. சிரிக்கவும் இல்லை. புதன்கிழமை பத்து மணி இடைவேளையில் இரண்டு காபியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் தள்ளி நிழலில் இருந்தார்கள்.

"பார்பா, ஒண்ணு கேக்கட்டுமா? கடலுக்கு அடியில ஈஸ்டர் கொண்டாடுவாங்களா?"

"என்ன டாக்டரம்மா, வெயில் தலைக்கு ஏறிடுச்சா?"

"உங்க கல்லு கொண்டாடியிருக்கு. ஒரு வருஷம்கூட விடல. மூணாவது வரியில ஒரு ஒமேகா இருக்கு பாருங்க, அதோட குழிக்குள்ள. மேல புழுக்கூடு, அதுக்குக் கீழ சுண்ணாம்பு. பூச்சு மேல பூச்சு. பல்லுல அடைச்ச சிமெண்ட்ட எண்ணுற மாதிரி எண்ணினேன். முப்பத்தொண்ணு."

நான் காபியைக் குடித்தேன். மரிகோவோடு நான் வாழ்ந்தது முப்பத்தோரு வருடம். அப்பா பூசிய பூச்சு அடியில் கல்லோடு கல்லாகிவிட்டிருக்க வேண்டும்.

"அதுல பத்தொம்பதாவது பூச்சு நீலம்," என்றார் எவாந்தியா. "உங்க மாடிப்படியில சுண்ணாம்பு உதிர்ற எடத்துலயும் ஒரு நீலம் இருக்கு. தினமும் அதுலதான் கைய வெச்சு இறங்கறேன்."

எங்கள் மகள் ரோட்டர்டாமுக்குப் போன வருடம் அது. மரிகோ துணிக்குப் போடும் நீலத்தை எடுத்துச் சுண்ணாம்பில் கலந்துவிட்டாள். தெருவே சிரித்தது. அடுத்த வருடம் மறுபடி வெள்ளை.

"முற்றத்துல திருநீற்றுப்பச்சைத் தொட்டி தரையில உக்காந்திருக்கு. சுத்தி வெள்ளை, தொட்டியைச் சுத்தி மட்டும் சதுரமா கறுப்பு. போன வருஷம் அங்க ஒரு கல்லு இருந்துச்சு பார்பா. நான் அதுமேல காபி டம்ளர வெச்சிருக்கேன்."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யார்கிட்டயும் சொல்லல. ரெண்டு நாளா தூக்கமே இல்ல எனக்கு."

அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் அதை நிறைய முறை யோசித்துவிட்டேன். மிர்த்தோவிடம் சொல்லிவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் இன்றைக்கு வோலோஸில் யாருக்காவது பல் பிடுங்கிக்கொண்டிருப்பார்.

"சனிக்கிழமைக்குள்ள நீங்களே மிர்த்தோகிட்ட சொல்லிடுங்க," என்றார். "நான் கூட வர்றேன். முதல்ல கத்துவா. அப்புறம் அழுவா. அப்புறம் காபி போடுவா. அவளத் தெரியாதா நமக்கு?"

"சொன்னா பள்ளத்த மூடிடுவாங்க."

"மூடலாம்."

"சொல்லாம விட்டா?"

"சொத்தைப் பல்லு மேல தங்கத்த வெச்சு மூடறவங்க இருக்காங்க பார்பா. என் தொழில்ல நான் அதைச் செஞ்சதில்ல." என் முழங்காலைத் தட்டினார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன். நீங்க சொல்லலைன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும். கோவிச்சுக்காதீங்க."

நான் கோபப்படவில்லை. அன்று முழுவதும் யோசித்தேன். ஒரு பக்கம் அறுபது அடி நீளப் பள்ளம், அதில் பாதிக்கு மேல் இன்னும் தொடாத மண். நான்கு கப்பல் தளங்கள், ஒருவேளை ஐந்து. மிர்த்தோவின் பதினோரு வருடம். என் பதினோரு வருடம். இன்னொரு பக்கம் ஒருவர். நல்லவர்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர். இதைத் தராசில் வைத்தால் எந்தப் பக்கம் இறங்கும் என்று நீங்களே பாருங்கள்.

வியாழக்கிழமை நடந்ததை முதல் வாக்குமூலத்தில் இப்படிச் சொன்னேன்: வோலோஸில் ஒரு நோயாளிக்குத் தாடை வீங்கிவிட்டது, மதியம் பஸ்ஸில் போகப் போகிறேன் என்று எவாந்தியா என்னிடம் சொல்லியிருந்தார், ஒன்றரைக்கு முன்பு வடிகால் வாசலில் அவருடைய கரண்டி கிடந்தது, அவசரத்தில் மறந்துவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்து அதை எடுத்து அவருடைய ஆணியில் மாட்டினேன், கதவையும் பூட்டினேன். நீங்கள் அதை நம்பினீர்கள். அடுத்தவர் கரண்டியை மாட்டிவிடுவது எங்களுக்குள் நடக்கிறதுதான். ஓலே மறந்து போட்டுவிட்டு வருவதை இங்கெர் மாட்டுவாள். விதிப்படி தப்பு. ஆனால் யாரும் கண்டுகொள்வதில்லை.

அன்று மிர்த்தோ பலகையைப் பார்த்தாள். ஐந்து ஆணி, ஐந்து கரண்டி. நான் கையைத் தூக்கினேன். ஸாகிஸ் பம்பை நிறுத்தினான், மடையைத் திறந்தான்.

பம்பு நின்றதும் காது அடைத்த மாதிரி ஓர் அமைதி வரும். அந்த அமைதியில்தான் நாங்கள் தினமும் சாப்பிடுவோம். பள்ளத்திலிருந்து இருபது எட்டில் சவுக்கு மரத்தடியில் மேசை. அன்று பெரிய மொச்சையைத் தக்காளியில் வேகவைத்தது, சுட்ட மத்தி மீன், ரொட்டி. எவாந்தியா எங்கே என்று மிர்த்தோ கேட்டாள். பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். "சொல்லாம போயிட்டாளே," என்று வருத்தப்பட்டாள்.

கொஞ்ச நேரத்தில் இங்கெர் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது என்ன சத்தம்?"

எல்லாரும் கேட்டோம். டிக், டிக், டிக் என்று. இரும்பில் இரும்பு படுகிற சத்தம், ரொம்பச் சின்னது. பள்ளத்துக்குள்ளிருந்து ஆள் குரல் மேலே வராது, இரும்புச் சத்தம் மட்டும் ஏறி வரும். கொக்கி ஊசி எவ்வளவு கனம் இருக்கும்? பிறகு நின்று, மறுபடியும் டிக், டிக், டிக்.

"தகடு," என்றேன். "வெயில்ல காஞ்ச தகட்டுல குளிர்ந்த தண்ணி ஏறுது. அப்படித்தான் சத்தம் போடும்."

பொய் இல்லை. சில நாட்களில் அப்படிச் சத்தம் வருவது உண்டு.

"பழைய ஆளுங்களுக்குப் பசி வந்துடுச்சு," என்றான் ஸாகிஸ். "கதவத் தட்டறாங்க. ஒரு மத்தி மீன் தூக்கிப் போடுங்க."

இங்கெர் சிரித்தாள். ஓலே ரொட்டியைப் பிய்த்துத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நானும் சாப்பிட்டேன். மீன் கொஞ்சம் கருகியிருந்தது. இரண்டு மணி எட்டு நிமிடத்துக்குச் சத்தம் நின்றது. கொட்டகைக் கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்ததால் தெரியும். அது சரியான நேரம் காட்டும், நான்தான் சாவி கொடுக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் இறங்கியதும் கதவைத் திறந்தவன் நான். மற்றதெல்லாம் அறிக்கையில் சரியாகவே இருக்கிறது.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. விபத்து என்று நீங்கள் எழுதினீர்கள். விபத்து என்றால் ஒரு குடும்பத்துக்குத் துக்கம், ஊர்வலம், ஒரு நிமிட மௌனம், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். நான் கப்பலில் வேலை செய்தவன். அங்கே ஒருவன் விழுந்து இறந்தால் மறுநாள் கப்பல் கிளம்பிவிடும். இங்கே அப்படியில்லை. பாதுகாப்பு இல்லாத இடம் என்று குழு எழுதிவிட்டது. அனுமதி ரத்து. செப்டம்பர் முதல் தேதி மணல் லாரிகள் வருகின்றன. ஸாகிஸ்மேல் கவனக்குறைவு வழக்கு, அவனுக்கு இரண்டு சின்னப் பெண்கள். மிர்த்தோமேலும் வழக்கு. அவள் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை.

அதனால்தான் வந்தேன். யோசித்துப் பாருங்கள். துருப்பிடித்த பூட்டு என்றால் குற்றம் அகழாய்வுடையது. பள்ளம் ஆபத்தானது, விதிகள் போதாதவை, எல்லாரும் பொறுப்பு. ஆனால் பூட்டு சரியாக இருந்தது, பலகை சரியாக இருந்தது, ஸாகிஸ் சரியாகச் செய்தான், மிர்த்தோ சரியாகப் பார்த்தாள், ஒருவன் மட்டும் வேண்டுமென்றே செய்தான் என்றால், அந்த ஒருவனைப் பிடித்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடரலாம். எந்தச் சட்டத்திலும் அதற்குத் தடை இல்லை, வக்கீலிடம் கேட்டுவிட்டேன். கல்லை எடுத்துவிடுங்கள், பரவாயில்லை. முற்றத்தில் அதன் இடத்தில் தொட்டி தரையிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். கல் இல்லாவிட்டாலும் மண்ணுக்கு அடியில் தளங்கள் இருக்கின்றன. நான் மிர்த்தோவுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். புத்தகத்தில் என் பெயர் வராது என்றும் எனக்குத் தெரியும். வந்தாலும் வேறு விதமாக வரும்.

வேண்டுமென்றே என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறீர்கள். நியாயம்.

கரண்டி வாசலில் கிடக்கவில்லை. அவர் என் கையில் கொடுத்தார்.

வியாழக்கிழமை ஒன்றேகாலுக்கு, மற்ற மூவரும் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது அவரிடம் போனேன். சொல்லிவிடுகிறேன் என்றேன், இன்றைக்கே, சாப்பாட்டுக்குப் பிறகு. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு பாக்கணும் டாக்டரம்மா. எங்கப்பா வலையில வந்தது பாதிக் கல்லுதானே. மறுபாதி எங்கன்னு எனக்குத் தெரியும். வடிகாலுக்குள்ள, வளைவுக்கு அந்தப் பக்கம், இடது சுவர்ல. ஒமேகாவுக்கு அடுத்த எழுத்து அதுலதான் ஆரம்பிக்குது."

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்று நாள் தூங்காத முகம் ஒரு நொடியில் மாறியது.

"அப்ப கல்லு இங்கத்ததுதான். அப்ப நீங்க பெருசா பொய் சொல்லல பார்பா. கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்க, அவ்வளவுதான். மிர்த்தோகிட்ட நான் பேசிக்கறேன். இது கெடைச்சா மூட மாட்டாங்க."

"நேரமாச்சு. நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கா? இதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் சாப்பிட முடியுமா? ரெண்டு நிமிஷம்."

வடிகாலுக்குள் மரத்துண்டுகள் கிடப்பதால் கரண்டி கொண்டுபோகக் கூடாது என்பது விதி. ஒருவர் உள்ளே போனால் ஒருவர் வாசலில் நிற்க வேண்டும் என்பதும் விதி. அவர் கரண்டியை என்னிடம் நீட்டினார். கொக்கி ஊசியை மட்டும் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். நெற்றி விளக்கைப் போட்டார். பம்பின் இரைச்சலில் அவர் என் காதருகே வந்து சொல்ல வேண்டியிருந்தது.

"மறதியா அதை ஆணியில மாட்டிடாதீங்க பார்பா. ஸாகிஸ் கடலைத் திறந்து விட்டுடுவான்."

சிரித்தபடியே குனிந்து உள்ளே போனார். குண்டான உடம்பு, இரண்டு பக்கமும் சுவரில் உரசியது. விளக்கு வெளிச்சம் கல்லில் ஆடிக்கொண்டே போனது. எட்டாவது காலடியில் வளைவு. வெளிச்சம் திரும்பி மறைகிறவரை வாசலிலேயே நின்றேன்.

பிறகு கதவைச் சாத்தினேன். சாவியை ஒரு சுற்றுச் சுற்றினேன். கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.